தொப்பியைக் கழற்றாத கார்ட்டூனிஸ்ட்: பேப்பர் மூலையில் பிறந்த ‘கிரேஸி கேட்’ மியூசியம் சுவருக்கு வந்தது எப்படி?

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் இருக்கிறது ரெய்னா சோஃபியா மியூசியம். பிக்காசோவின் ‘குவர்னிகா’ ஓவியத்தைப் பார்ப்பதற்காகவே உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வரும் இடம். 2017 அக்டோபரில் அதே மியூசியத்தின் சுவர்களில் ஒரு பூனையும் ஒரு எலியும் ஒரு செங்கல்லும் இடம் பிடித்தன.

எல்லாமே அமெரிக்க நாளிதழ்களில் வந்த காமிக்ஸ் பக்கங்கள். காலையில் ஒரு நிமிடம் படித்துவிட்டு, மறுநாள் பழைய பேப்பரோடு போட்டுவிடும் சமாச்சாரம். 2018 பிப்ரவரி வரை நடந்த அந்தக் கண்காட்சி முழுக்க முழுக்க ஒரே மனிதருக்கானது. அவர் பெயர் ஜார்ஜ் ஹெரிமன். அப்போது அவர் இறந்து 73 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மியூசியத்தில் எந்த ஓவியத்தை மாட்டினாலும் பக்கத்தில் ஒரு சின்ன விவரச் சீட்டு ஒட்டுவார்கள். வரைந்தவர் யார், எங்கே பிறந்தார், எப்போது இறந்தார் என்று நாலு வரி. மற்றவர்களுக்கு இது அரை மணி நேர வேலை. ஹெரிமன் விஷயத்தில் அப்படி இல்லை. அவர் பிறப்புச் சான்றிதழ் ஒன்று சொல்கிறது, இறப்புச் சான்றிதழ் வேறொன்று சொல்கிறது.

பூனை, எலி, செங்கல்: கதைதான் என்ன?

கிரேஸி என்று ஒரு கருப்புப் பூனை. இக்னட்ஸ் என்று ஒரு வெள்ளை எலி. பூனைக்கு எலி மேல் தீராத காதல். எலிக்குப் பூனையைக் கண்டாலே ஆகாது. பார்க்கும் போதெல்லாம் செங்கல்லை எடுத்து அதன் மண்டையைப் பார்த்து வீசும். அடி வாங்கிய பூனைக்கோ ஆனந்தம். எறிந்தது வெறுப்பில் என்பது அதற்குப் புரியவே புரியாது, அன்பின் அடையாளம் என்றே நினைத்துக்கொள்ளும். நடுவில் ஆஃபிசா பப் என்று ஒரு போலீஸ் நாய். பூனை மேல் அதற்கு ஒருதலைக் காதல், ஆனால் வாய் திறந்து சொல்லாது. எலியைப் பிடித்து லாக்கப்பில் போடுவதே அதன் வேலை. எலிக்குச் செங்கல் விற்பதற்கு கோலின் கெல்லி என்று ஒரு சூளைக்காரரும் உண்டு.

அவ்ளோதான் கதை. இதே கதையை 30 வருஷத்துக்கும் மேலாக, அலுக்காமல் வரைந்தார் ஹெரிமன்.

கிரேஸி ஆணா, பெண்ணா? தமிழில் பிரச்னையே இல்லை, ‘அது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆங்கில வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஹெரிமன் ஒரு வாரம் ஆண்பாலில் எழுதுவார், இன்னொரு வாரம் பெண்பாலில் எழுதுவார். கடைசி வரை முடிவாக எதுவும் சொல்லவில்லை.

டிரெமே பகுதியில் ஒரு தையல்காரர் குடும்பம்

அமெரிக்காவின் தென்பகுதியில், லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1880 ஆகஸ்ட் 22-ம் தேதி பிறந்தார் ஹெரிமன். அப்பா தையல்காரர். நகரின் டிரெமே பகுதியில் வசித்த ‘கிரியோல்’ சமூகத்தைச் சேர்ந்த குடும்பம் அது. பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க ரத்தம் கலந்த, கத்தோலிக்க மதத்தைப் பின்பற்றிய சமூகம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பு, அடிமை முறை இருந்த காலத்திலேயே, இவர்களில் நிறையப் பேர் சுதந்திர மனிதர்களாக இருந்தார்கள். தையல், கொத்து வேலை, சுருட்டுத் தொழில் என்று கைத்தொழிலில் பேர் வாங்கியவர்கள்.

போருக்குப் பிறகு அடிமை முறை ஒழிந்தது. கொஞ்ச காலத்துக்கு ஓட்டுரிமை, அரசியல் பதவி எல்லாம் கிடைத்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன. 1890-ல் லூசியானா ஒரு சட்டம் கொண்டுவந்தது. ரயிலில் வெள்ளையருக்குத் தனிப் பெட்டி, மற்றவர்களுக்குத் தனிப் பெட்டி. இதை எதிர்த்து 1892-ல் வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கைதானவர் ஹோமர் பிளெஸி. பார்த்தால் வெள்ளையர் போலவே இருந்த கிரியோல் அவர், செருப்புத் தைப்பவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1896-ல் பிளெஸி தோற்றார். அந்தத் தீர்ப்பு அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்காவில் நிறப் பிரிவினையைச் சட்டப்படி சரி என்று ஆக்கி வைத்தது.

ஹெரிமன் குடும்பம் தீர்ப்பு வரை காத்திருக்கவில்லை. ரயில் சட்டம் வந்த அதே 1890-ல் மூட்டை கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிளம்பிவிட்டது. ஜார்ஜுக்கு அப்போது 10 வயது. அங்கே யாருக்கும் இவர்களைத் தெரியாது. தோலின் நிறமும் வெளிர். வெள்ளைக் குடும்பமாகவே வாழத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் இதற்கு ‘பாஸிங்’ என்று பேர். கலப்பு வம்சாவளியில் வந்தவர்கள், நிறம் இடம்கொடுத்தால், வெள்ளையர் என்றே சொல்லிக்கொண்டு வாழ்வது. சொந்த ஊர், உறவுகள், தாத்தா பாட்டி கதைகள் எல்லாவற்றையும் பின்னால் விட்டுவிட வேண்டும். ஒருமுறை கடந்துவிட்டால் திரும்பிப் போக வழி கிடையாது. மாட்டிக்கொண்டால் வேலை, வீடு, குடும்பம் மூன்றும் போகும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 1902-ல் ஹெரிமன், சிறு வயதிலிருந்தே பழகிய மேபல் பிரிட்ஜ் என்ற வெள்ளைக் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். கலிஃபோர்னியாவில் வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்வதைச் சட்டம் அனுமதிக்காத காலம் அது. அந்தச் சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது 1948-ல்தான். அதாவது, ஹெரிமன் யார் என்ற கேள்வி கிளம்பியிருந்தால் அந்தக் கல்யாணமே செல்லாது என்று ஆகியிருக்கும். இரண்டு மகள்களின் அப்பாவாக, இந்தப் பயத்தோடுதான் அவர் காலம் தள்ளியிருக்க வேண்டும்.

சரக்கு ரயிலில் நியூயார்க் பயணம்

வேலை என்று பார்த்தால், முதலில் லாஸ் ஏஞ்சல்ஸ் நாளிதழ் ஒன்றின் அச்சு பிளாக் தயாரிக்கும் பிரிவில் எடுபிடி. வாரம் 2 டாலர் சம்பளம். 1900-ல் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கோனி தீவின் பொழுதுபோக்குத் திடலில் விளம்பரப் பலகை வரைந்தார், காட்சிக் கொட்டகை வாசலில் நின்று கூட்டம் சேர்க்கக் கூவினார். அடுத்த ஆண்டில் இருந்து பத்திரிகைகள் அவர் படங்களை வாங்கத் தொடங்கின. புலிட்சர் பேப்பர், ஹெர்ஸ்ட் பேப்பர் என்று மாறி மாறி வேலை.

1902-ல் அவர் வரைந்த ‘மியூசிக்கல் மோஸ்’ என்ற குட்டித் தொடரை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஒரு கறுப்பின இசைக்கலைஞன். வேறு இனத்தவன் மாதிரி வேஷம் போட்டுப் பிழைக்கப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் குட்டு வெளிப்பட்டு அடி வாங்குவான். வாசகர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். வரைந்தவருக்கு 21 வயது. அதை வரையும்போது அவர் கை நடுங்கியதா, இல்லை சிரித்துக்கொண்டே வரைந்தாரா என்பதற்குப் பதில் எங்கேயும் இல்லை.

அந்தக் காலத்து மற்ற கார்ட்டூனிஸ்டுகள் போலவே, கறுப்பர்களைத் தடித்த உதடும் உருட்டு விழியுமாகக் கேலி செய்து அவரும் வரைந்திருக்கிறார். மியூசியங்களில் கொண்டாடும்போது இந்தப் பக்கம் பெரும்பாலும் பின்னுக்குப் போய்விடுகிறது.

காலி இடத்தில் பிறந்த பூனை

1910-ல் ஹெர்ஸ்டின் நியூயார்க் மாலை நாளிதழில் ‘டிங்பாட் ஃபேமிலி’ என்ற தொடரைத் தொடங்கினார் ஹெரிமன். அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு குடும்பம், மாடியில் இருப்பவர்களால் அது படும் பாடு. இதுதான் கதை. கட்டங்களின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதை வீணாக்குவானேன் என்று வீட்டுப் பூனையையும் ஒரு எலியையும் அங்கே ஓடவிட்டார். 1910 ஜூலை 26 அன்று அந்த எலி எதையோ தூக்கிப் பூனை மண்டையில் எறிந்தது. இந்தச் செங்கல் கதைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

தேதியைக் கவனியுங்கள். அதற்குச் சரியாக 22 நாள் முன்பு, ஜூலை 4 அன்று, நெவாடா மாநிலம் ரீனோவில் ஒரு குத்துச்சண்டை நடந்தது. கறுப்பினத்தின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன், அவரை வீழ்த்துவதற்கென்றே ஓய்விலிருந்து கூட்டி வரப்பட்ட வெள்ளை வீரர் ஜிம் ஜெஃப்ரிஸைப் புரட்டி எடுத்தார். ஆத்திரத்தில் பல ஊர்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்களும் போயின. விளையாட்டுப் பக்கங்களுக்கு வரைந்தவர் என்ற முறையில் ஜான்சனைப் பற்றி ஹெரிமனும் கார்ட்டூன் போட்டவர்தான். கருப்புப் பூனையும் வெள்ளை எலியும் அந்த மாதத்தில் மோதிக்கொண்டது தற்செயலா? அப்படியே இருக்கலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அடிக்கட்டத்துப் பூனைக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். 1913 அக்டோபரில் ‘கிரேஸி கேட்’ தனித் தொடராக ஆனது. 1916 ஏப்ரலில் ஞாயிற்றுக்கிழமைக்கு முழுப் பக்கம் கிடைத்தது. அந்தப் பக்கம் வந்தது வண்ணக் காமிக்ஸ் இணைப்பில் இல்லை. நாடகம், கலை பற்றிய செய்திகள் வரும் பகுதியில். மியூசியத்துக்கு முன்பே கலைப் பிரிவில் ஒரு கால் வைத்தாகிவிட்டது.

முதலாளிக்குப் பிடித்த தோல்வி

உண்மையைச் சொன்னால், ‘கிரேஸி கேட்’ மக்களிடம் பெரிதாக எடுபடவில்லை. நிறையப் பேருக்குப் புரியவில்லை. முதல் கட்டத்தில் மலை இருக்கும், அடுத்த கட்டத்தில் அதே இடத்தில் மரம் இருக்கும், மூன்றாவதில் வீடு. கதாபாத்திரங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே பேசிக்கொண்டிருக்கும். நிலா தர்பூசணிக் கீற்று மாதிரி தொங்கும். பூனையின் பேச்சில் நியூயார்க் தெருக்களின் யூத வழக்கு, ஸ்பானிஷ், நியூ ஆர்லியன்ஸ் பிரெஞ்சு, பழைய நாடக ஆங்கிலம் எல்லாம் கலந்து வரும். ஹெரிமன் இறந்தபோது சுமார் 35 பேப்பர்களில்தான் அது வந்துகொண்டிருந்தது. மற்ற ஹிட் தொடர்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் எப்போதோ நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தவிடாதவர் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட். பரபரப்புச் செய்தி, போர்வெறித் தலைப்பு என்று கெட்ட பேர் வாங்கிய அதே ஹெர்ஸ்ட்தான். அவருக்கு இந்தப் பூனை மேல் அப்படி ஒரு பிரியம்.

படித்தவர்கள் கூட்டமும் பின்னால் வந்தது. 1922-ல் இசையமைப்பாளர் ஜான் ஆல்டன் கார்பென்டர், ‘கிரேஸி கேட்’டை ஜாஸ் பாலே ஆக்கினார். நியூயார்க்கில் அரங்கேறிய அதற்குக் கதை, உடை, மேடைக் காட்சி எல்லாம் ஹெரிமனுடைய கைவண்ணம். 1924-ல் விமர்சகர் கில்பர்ட் செல்டஸ், அமெரிக்க வெகுஜனக் கலைகள் பற்றிய புத்தகத்தில் இந்தப் பூனைக்குத் தனிக் கட்டுரையே ஒதுக்கி, அதை அசல் கலை என்று வாதாடினார். பேப்பர் காமிக்ஸைப் பற்றி அப்படி எழுதுவது அப்போது கிட்டத்தட்ட அவமானமான காரியம்.

பாலைவனமும் தொப்பியும்

கதை நடக்கும் இடம் கோகோனினோ கவுண்டி. இது கற்பனைப் பெயர் இல்லை, அரிசோனா மாநிலத்தில் நிஜமாகவே இருக்கும் மாவட்டம். கைகளை விரித்த மாதிரி செம்மண் பாறைகள் நிற்கும் மான்யுமென்ட் பள்ளத்தாக்குக்கும், பக்கத்து கயென்டா என்ற சிற்றூருக்கும் ஹெரிமன் திரும்பத் திரும்பப் போய்வந்தார். அங்கே வணிக நிலையம் நடத்திய வெதரில் குடும்பம் அவருக்கு நெருக்கம். அந்த மண்ணின் நவஹோ பழங்குடி மக்களின் நெசவு, பானை வேலைப்பாடுகள் அவர் பக்கங்களின் ஓரங்களில், மரங்களில், சுவர்களில் எல்லாம் ஏறிக்கொண்டன.

கூடவே இன்னொரு பழக்கம். தொப்பி. வெளியில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும், வரையும் மேஜையிலும். இன்று கிடைக்கும் அவர் புகைப்படங்கள் பெரும்பாலானவற்றில் தலையில் தொப்பி இருக்கிறது. சுருட்டை முடியை மறைக்கத்தான் அப்படி என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். சக கார்ட்டூனிஸ்டுகள் அவர் எந்த நாட்டு வம்சம் என்று தெரியாமல், கிரேக்கர் என்று பட்டப்பேர் வைத்துக் கூப்பிட்டார்கள். அவர் மறுக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. கூச்ச சுபாவம், தன்னைப் பற்றிப் பேசவே மாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். கூச்சம் மட்டும்தான் காரணமா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

1920-களில் குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்கே திரும்பி, ஹாலிவுட் குன்றுப் பகுதியில் குடியேறினார். வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைக்கும் வழக்கம் அந்த நகரில் பரவலாக இருந்த காலம்.

பிற்காலம் துயரமானது. 1931-ல் மனைவி மேபல் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார். 1939-ல் இளைய மகள் பார்பராவும் 30 வயதிலேயே இறந்தார். மூட்டுவலி, தலைவலி. வீடு நிறைய நாய், பூனைகள். ஆனாலும் வரைவதை அவர் விட்டுவிடவில்லை. 1935-ல் இருந்து ஞாயிறு பக்கங்கள் வண்ணத்தில் வரத் தொடங்கின. மிக அழகான பக்கங்கள் இந்தக் கடைசிப் பத்து வருடத்தில் வந்தவை என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. அது தப்பான கணிப்பு இல்லை.

1944 ஏப்ரல் 25 அன்று தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 63. முடிக்காத பென்சில் பக்கங்கள் மேஜையில் கிடந்தன. சாம்பலை மான்யுமென்ட் பள்ளத்தாக்கில் தூவினார்கள். ஏற்கெனவே அனுப்பி வைத்திருந்த கடைசிப் பக்கம் ஜூன் 25 அன்று வெளியானது. அதில் தண்ணீரில் மூழ்கிய கிரேஸியைப் போலீஸ் நாய் கைகளில் ஏந்தித் தூக்கி வருகிறது. மற்ற தொடர்களை வேறு ஆள் வைத்து ஓட்டும் நிறுவனம், இதை மட்டும் அப்படிச் செய்யாமல் அங்கேயே நிறுத்திவிட்டது.

இறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் வெள்ளையர் என்று எழுதப்பட்டது.

1971-ல் வெளியே வந்த காகிதம்

27 வருஷம் கழித்து, ஆர்தர் ஆசா பெர்கர் என்ற சமூகவியலாளர் ஒரு வாழ்க்கை வரலாற்று அகராதிக்காக ஹெரிமன் பற்றிய குறிப்பு எழுத உட்கார்ந்தார். நியூ ஆர்லியன்ஸ் பிறப்புச் சான்றிதழை வரவழைத்தார். அதில் குழந்தையின் இனம் கறுப்பர் வகையில் பதிவாகியிருந்தது. காமிக்ஸ் ரசிகர்கள் மத்தியில் பெரும் குழப்பம். நம்ப மறுத்தவர்களும் இருந்தார்கள். மறுபக்கம், கறுப்பின எழுத்தாளர் இஷ்மாயில் ரீட் 1972-ல் வெளியான தன் ‘மம்போ ஜம்போ’ நாவலை ஹெரிமனுக்குக் காணிக்கை ஆக்கினார், அவரைத் தங்கள் ஆள் என்று உரிமையோடு அழைத்து. பிறகு 2016-ல் மைக்கேல் டிசெராண்ட் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு, குடும்பத்தின் பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆக்கியது.

அதன் பிறகு பழைய பக்கங்களைப் படிக்கும் விதமே மாறிப்போனது. ஒரு ஞாயிறு பக்கத்தில் கிரேஸி அழகு நிலையத்துக்குப் போய் வெள்ளை வெளேரென்று வெளியே வரும். எலி சொக்கிப்போய்க் காதல் வசனம் பேசும். இது அந்தக் கருப்புப் பூனைதான் என்று தெரிந்ததும் காதல் போய்விடும். வெளிவந்தபோது அது ஒரு ஜோக். இப்போது அதைப் பார்த்துச் சிரிப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

மியூசியம் படியேறிய காமிக்ஸ்

இதற்கிடையே ஓவியர்கள் அவரை மறக்கவில்லை. சுவீடனைச் சேர்ந்த ஓய்விண்ட் ஃபால்ஸ்ட்ராம் கிரேஸியை வைத்தே ஓவியங்கள் செய்தார். அமெரிக்க ஓவியர் ஃபிலிப் கஸ்டனின் பிற்காலப் படங்களில் ஹெரிமனின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். 1990-ல் நியூயார்க் நவீன கலை மியூசியம், உயர் கலையும் வெகுஜனக் கலையும் என்ற கருப்பொருளில் பெரிய கண்காட்சி வைத்தபோது ஹெரிமனின் பக்கங்களும் சுவருக்கு வந்தன. காமிக்ஸுக்கு இங்கே என்ன வேலை என்று விமர்சகர்கள் சிலர் கொதித்தார்கள்.

2005 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது இன்னும் பெரிது. ஹாமர் மியூசியமும் சமகாலக் கலை மியூசியமும் சேர்ந்து அமெரிக்க காமிக்ஸ் மேதைகள் 15 பேரைத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சி வைத்தன. வின்சர் மெக்கே, சார்லஸ் ஷுல்ஸ், ஜாக் கிர்பி, ஆர்ட் ஸ்பீகல்மன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு பெண்கூட இல்லை என்று கடுமையான விமர்சனம் எழுந்தது, நியாயமான விமர்சனம்தான். ஆப்பிரிக்க வம்சாவளி என்று பார்த்தால் பட்டியலில் இருந்தவர் ஹெரிமன் ஒருவர்தான். வாழ்நாள் முழுக்க அதை மறைத்து வைத்தவரும் அவரே. 10 வயதில் அவர் யார் என்பதை விட்டுவிட்டு வந்து சேர்ந்த நகரில்தான் இது நடந்தது.

பேப்பரில் படித்ததைச் சுவரில் பார்ப்பதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. தினம் ஒரு செங்கல் என்று வருஷக்கணக்கில் காத்திருந்து படித்த அந்த ருசி கண்ணாடிச் சட்டத்துக்குள் வராது. 40 பக்கத்தை நின்றபடியே படித்தால் கால் வலிக்கும், ஜோக்கும் அலுக்கும். லாபமும் இருக்கிறது. அசல் தாள்கள் அச்சானதைவிடப் பெரியவை. மை பூசிய கோட்டின் அடியில் பென்சில் கோடு, தப்பை மறைத்த வெள்ளைப் பூச்சு, பேனா முனை கீறிய வேகம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மட்டமான நியூஸ்பேப்பர் தாளில் இவை அத்தனையும் காணாமல் போயிருந்தன.

அந்த அசல் தாள்களுக்கு அன்று மதிப்பே கிடையாது. அச்சானதும் வேலை முடிந்தது, யார் கேட்டாலும் கொடுத்துவிடலாம். ஹெரிமனும் கொடுத்தார். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. கருப்பு வெள்ளையில் வரைந்த பக்கத்தைத் திரும்ப எடுத்து, உட்கார்ந்து தன் கையாலேயே வாட்டர்கலர் பூசி நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுப்பார். பேப்பர் வாசகர்கள் பார்க்காத அந்த வண்ணங்களைத்தான் இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள்.